எட்டு ராக்கரும் ஒரு கோடாலித் தைலமும்

திண்டுக்கல்
17.8.1986

அன்பு மகன் ஈஸ்வருக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அனுப்பிய ராக்கர் எட்டும் நல்ல சுகம். அதைத்தானே முதலில் தேடுவாய், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு கேட்க மனசிருந்தால் கேட்டுக்கொள், உன் அப்பாவும் சுகம், நானும் ஓடியாடிக்கொண்டுதான் இருக்கிறேன். சார்ஜா வெயிலில் உனக்கு மேலுக்கு ஒன்றும் வரக்கூடாது என்று வெள்ளிக்கிழமை தவறாமல் கோட்டை மாரியம்மனிடம் சொல்லிவருகிறேன். சின்னாளபட்டியில் உன் தங்கை பரணிக்கு ஏழாம் மாதம், புளிப்பாகத் தின்னவேண்டும் என்று படுத்துகிறாளாம். இங்கே மழை இல்லை, ஆத்தூர்ப் பக்கம் மட்டும் லேசாகத் தூறியது.

இது அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதும் கடிதம் இல்லை. அவர் பட்டறைக்குப் போன பிறகு நானாக எழுதுவது. உன் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத்து ஓடாது என்பது உனக்குத் தெரியும், உன் கடிதத்தை வாசிப்பதும் நான், பதில் எழுதுவதும் நான். ராக்கரோடு வந்த கடிதத்தில் ஆறு பக்கம் எழுதியிருந்தாய். ஆறு பக்கமும் கார் என்ஜினுக்குள் கிடக்கிற ராக்கர், புஷ்ராடு, ஸ்பிரிங். கடைசியில் ஓரத்தில் ஒரு வரி, அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும் என்று. அதையும் நானே எனக்குச் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டேன். கேட்டுக்கொண்டிருந்த உன் அப்பா, ஆகா, மகன் உன்னைய மறக்கலையே, பாத்தியாடி என்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

உன்னோடு வேலை பார்க்கும் சாகுல் ஹமீது லீவில் வந்தபோது பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தானே, அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்துவிட்டது, ஒளிக்காமல் சொல்கிறேன். பஞ்சுத் துணியில் பிள்ளையைச் சுற்றுகிற மாதிரி எட்டு ராக்கரையும் தனித்தனியாகச் சுற்றியிருந்தாய். கூடவே அப்பாவுக்கு, ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் எவ்வளவு சந்து இருக்கிறது என்று அளக்கும் கேஜ் ஒன்று, தோல் உறையோடு. எனக்கு ஒரு கோடாலித் தைலம். எனக்குத் தலைவலி வரும் என்று முன்கூட்டியே தெரிந்துதான் அனுப்பினாய் போல. உன் அப்பா அந்த ராக்கரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், சாமி அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கினார், குங்குமமும் வைத்தார். நான் விளக்கேற்றப் போனால் கையெடுத்துக் கும்பிடுவது முருகனையா ராக்கரையா என்று எனக்கே தெரியவில்லை. இரும்பு மேல் பொறாமைப்படுகிறாளே இவள் என்று நீ சிரிப்பாய், சிரி. பொறாமைதான். பெற்றவள் நான், பார்சல் அவருக்கு.

நத்தம் மாங்காய் மண்டி நூர் முகமது பாயின் அம்பாசடர்தான் வண்டி என்பது உனக்குத் தெரியும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைமேல் ஏறும் பந்தயத்துக்கு அதைத் தயார் செய்கிறார் அப்பா. பட்டறையில் உன் கடிதத்தை வாசிக்க ஆள் வேண்டுமே, என்னையும் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். வாசித்து வாசித்து எனக்கே எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. பழைய ராக்கர் வால்வுத் தலையில் உரசிக்கொண்டு அமுக்கும், புதுசுக்கு நுனியில் உருளை இருப்பதால் உருண்டு அமுக்கும். புதுசு வால்வைக் கூடுதலாக இறக்கும், அதனால் ஸ்பிரிங் சுருள் ஒன்றோடு ஒன்று முட்டாமல் கொஞ்சம் சந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உருளை வால்வுத் தலையின் நடுவில் ஓட வேண்டும், ஓரத்தில் ஓடினால் வால்வு சாய்ந்து தேயும். அதைத் தெரிந்துகொள்ள வால்வுத் தலையில் மை தடவி, என்ஜினைக் கையால் சுற்றி, மை எங்கே அழிகிறது என்று பார்க்கச் சொல்லியிருந்தாய். மைக்கு எங்கே போவது? உன் அப்பா வீட்டுக்கு ஓடிப்போய் என் கண்மை டப்பாவை எடுத்துவந்தார். கட்டிய நாளிலிருந்து நான் கண்ணுக்கு மை இட்டதை ஒரு நாள் நிமிர்ந்து பார்த்திருப்பாரா அந்த மனுசன்? வால்வுக்கு இட்டுவிட்டு, அடியே, இங்க வந்து பாரேன், எம்புட்டு அழகா இருக்கு என்று என்னையே கூப்பிட்டுக் காட்டுகிறார்.

மை ஓரத்தில்தான் அழிந்திருந்தது. அப்படி இருந்தால் ராக்கர் நிற்கிற நாலு காலுக்கும் அடியில் மெல்லிய தகடு வெட்டி வைத்து உயர்த்த வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். தகடு எது தெரியுமா? உனக்குச் சாகுல் ஹமீதிடம் கொடுத்து அனுப்ப நான் முறுக்குச் சுட்டு அடுக்கிவைத்திருந்தேனே, அந்த டின்னின் மூடி. நான் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து வெட்டிவிட்டார். கேட்டால், மகன் சொன்ன வேலைக்குத்தான வெட்டுனேன், முறுக்கு பையில போகாதா என்கிறார். பையில்தான் வந்தது, உனக்குத் தூளாக வந்து சேர்ந்தது. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. என்ஜின் நல்லா இருக்கா என்றுதான் எழுதினாய்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், சந்து சரிசெய்த அன்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எட்டாவது வால்வு முழுசாக அமுங்கியிருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்ய வேண்டும், ஆறாவது அமுங்கினால் மூன்றாவது, இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரவேண்டும் என்று நீ எழுதிய கணக்கை அப்பா மறந்து மறந்து போனார். அவர் என்ஜினைச் சுற்றி, அஞ்சு என்பார், நான் நாலு என்பேன். ஏழு என்பார், ரெண்டு என்பேன். கல்யாணம் ஆன புதுசில் தாயம் விளையாடியதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அப்படிச் சேர்ந்து ஒன்றும் செய்ததில்லை. அதற்குள் நூர் முகமது பாய் வந்துவிட்டார். எல்லாம் என் மகன் கணக்கு பாய், இங்க நான் ஒத்தை ஆளு, அவன் எழுத்துதான் எனக்குத் துணை என்று அப்பா நீட்டி முழக்கினார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் யாராம்?

வண்டி கிளம்பிய சத்தத்தைக் கேட்டு அப்பாவுக்கும் பாய்க்கும் வாயெல்லாம் பல். ஆத்தூர் ரோட்டில் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்தார்கள். திரும்பி வந்து நிற்கும்போது என்ஜின் மேல்மூடிக்குள் ஒரு கீச்சுச் சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும், என் தையல் மெஷின் எண்ணெய் கேட்கிற சத்தம் அது. சொன்னேன். தையல் மெஷினும் இதுவும் ஒண்ணாடி, புதுச்சாமான் பழகுற வரைக்கும் கத்தத்தான் செய்யும் என்றார். மூடியத் தொறக்காட்டி இன்னைக்குச் சோறும் கிடையாது வெஞ்சனமும் கிடையாது என்று நான் அங்கேயே நின்றேன். பாய்தான் சிரித்துக்கொண்டே, அக்கா சொல்றதுக்காகத் தொறந்து காட்டிருங்கண்ணே என்றார். திறந்தால் ராக்கர் எல்லாம் காய்ந்து கிடக்கிறது. விரலை வைத்தேன், சுட்டது, பிசுபிசுப்பு என்பதே இல்லை. நாலு காலில் ஒரு காலுக்குள் இருக்கும் துளை வழியாகத்தானே ஆயில் மேலே ஏறுகிறது? உன் அப்பா நாலு தகட்டையும் ஒரே மாதிரி வெட்டி, போல்ட்டுக்கு மட்டும் ஓட்டை போட்டு, ஆயில் வரும் துளையை அடைத்துவிட்டார். அப்படியே மலை ஏறியிருந்தால் பாதி வழியில் உன் ராக்கர் இறுகிப்போய் வண்டி நின்றிருக்கும். அப்பா முகம் செத்துப்போய்விட்டது. தகட்டில் துளை போட்டு மாட்டியதும் ஆயில் ஊறி வந்தது, சத்தமும் நின்றது.

இனிமேல்தான் இருக்கிறது கதை. அன்றைக்கு உனக்குக் கடிதம் எழுத உட்காரவைத்தார். சத்தத்த வச்சே நான் கண்டுபிடிச்சுட்டேன்னு எழுதுடி என்றார். நான் அவரைப் பார்த்தேன். எழுது எழுது, மை காயப்போகுது என்றார். என் கையாலேயே எழுதினேன் ஈஸ்வர். போன வாரம் உன் பதில் வந்தது. அப்பாவின் காதுக்கு இணை இல்லை, என் மேஸ்திரியிடம் சொன்னேன், அவரே அசந்துபோனார் என்று முதல் பக்கம் முழுக்க எழுதியிருந்தாய். அதையும் என் வாயாலேயே வாசித்தேன். அவர் இன்னொரு தடவை வாசி என்றார், வாசித்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

இப்போது உன் அப்பா ஊரையே தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார். வண்டி கொஞ்சம் ஓடிய பிறகு வால்வுச் சந்து சரியாக இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டுமாம், பார்க்காமல் வண்டியைப் பந்தயத்துக்கு விடமாட்டாராம். நீ அனுப்பிய கேஜைக் காணவில்லை. பழைய கேஜைப் புதுசு வந்த பவுசில் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். கடையில் வேறு வாங்குங்கள் என்றால், என் மகன் அனுப்புன கேஜ வச்சுத்தான் செட் பண்ணுவேன் என்று பிடிவாதம். பூனையைத் திட்டுகிறார், பாயைச் சந்தேகப்படுகிறார். அது எங்கேயும் போகவில்லை. என் அஞ்சறைப் பெட்டியில், கடுகுக் கிண்ணத்துக்கு அடியில், தோல் உறையோடு பத்திரமாக இருக்கிறது. இதை நீ அப்பாவுக்குத் தனியாக எழுதிக் காட்டிக்கொடுக்கலாம் என்று நினைக்காதே, வாசிக்கப்போவது நான்தான். பந்தயத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அங்கம்மாள் என்று என் பெயர் போட்டு ஒரு கடிதம் இந்த வீட்டுக்கு வரட்டும், அன்றைக்கே கேஜை அவர் கையில் கொடுக்கிறேன்.

வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ. ராத்திரி ரொட்டியையே தின்னாதே, சோறு வடித்துச் சாப்பிடு. எண்ணெய் தேய்த்துக் குளி. உன் கை பிடித்த காரியமெல்லாம் நல்லபடியாக வரும், கோட்டை மாரியம்மன் கூடவே இருப்பாள். கடிதத்தை மறந்துவிடாதே. ஆறு பக்கம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். அம்மாவுக்கு என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் ராக்கரைப் பற்றியே எழுது அப்பு, எனக்குப் புரியும்.

இப்படிக்கு,
உன் அப்பாவுக்குக் காதாக இருக்கும்
உன் அம்மா
ச. அங்கம்மாள்