எட்டாவது இன்னிங்ஸில் ஒரு H

சனி, மே 17

காலையில் தூறல், பிறகு வெயில். மைதானத்துக்குக் கொண்டுபோக: ஸ்கோர் தாள், அழிறப்பர், குடை, மனைவி வசந்தி பொரித்த ரோல்ஸ்.

இன்று பேஸ்பால் மேட்சுக்கு ஸ்கோரர் நான். வசந்திக்குப் பிடிக்கவில்லை. "மகன் விளையாடுற மேட்சுக்குத் தகப்பன் எழுதலாமோ?" வேறு ஆள் இல்லை. பயிற்சியாளர் ஊவேதான் கேட்டது.

இரவு.

எங்கள் பிட்சர் பெயர் கோடி. அமெரிக்கன், சம்பளத்துக்கு வந்து எறிகிறவன். ஏழு இன்னிங்ஸ் முடிய எதிரணிக்கு ஒரு ஹிட்கூட இல்லை. ஒன்பதும் அப்படியே முடித்தால் பெரிய பெயர். அநேகம் பிட்சர்களுக்கு ஆயுசுக்கும் வாய்க்காது. எட்டாவதில் ஒரு உருட்டுப் பந்து, நேரே என் மகன் நிரோஜனிடம். கையுறைக்குள் விழுந்து வெளியே வந்தது. அடித்தவன் முதல் பேஸில். நான் H என்று எழுதினேன், அடித்தவனின் கெட்டித்தனம் என்று. ஹிட்.

ஸ்கோர் பலகையில் ஹிட் 0 போய் 1. மைதானம் முழுக்க ஒரு "ஓ".

உடனே ஊவே கோடியை வெளியே எடுத்தான். தோள் களைத்துப்போயிற்றாம். ஹிட் இல்லாத மேட்ச் என்றபடியால்தான் அவ்வளவு நேரம் விட்டுவைத்திருந்தானாம். மற்றவன் வந்து எறிந்து முடித்தான், ஹிட் கொடுக்காமல்.

வெற்றி எங்களுக்கு. ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. ரோல்ஸ் அப்படியே திரும்பி வந்தது.

ஞாயிறு, மே 18

நல்ல வெயில். வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அது ஹிட்டே இல்லை. சுத்தப் பிழை. E6 என்று விழுந்திருக்க வேண்டும். E என்றால் பந்தைத் தடுப்பவனின் பிழை, ஹிட் கணக்கில் சேராது; 6 நிரோஜன் நிற்கும் இடம். எனக்கா இப்படி?

கிரிக்கெட் புத்தி. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு ஸ்கோர் எழுதின கை. அங்கே பந்தைக் கோட்டைவிட்டவன் பெயர் எங்கேயும் ஏறாது. ஓட்டம் அடித்தவனுக்கு, அவ்வளவுதான்.

ஊவேக்கு ஃபோன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கிரிக்கெட்டை விளங்கப்படுத்தினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஆனால் அவன் உன் மகன்தானே" என்றான்.

விதிப்படி இன்றைக்குள் திருத்தலாம். திருத்தி அனுப்பினேன். இப்போது எதிரணியின் ஹிட்: 0. ஆனால் பிட்சர் இரண்டு பேர். கோடிக்குத் தனியே வரவேண்டிய பெயர் போனது போனதுதான். நான் E எழுதினால் அவன் திரும்ப வந்து எறிய முடியுமா?

"ஒரு வாய் சாப்பிடுங்கோவன்." வசந்தி. தட்டைத் தள்ளிவைத்தேன்.

திங்கள், மே 19

காலை ஷிஃப்ட். மெஷினில் கவனமில்லை. மீன் வாங்க மறந்தாயிற்று. கோடிக்கு மன்னிப்புக் கேட்டு மெசேஜ். பதிலுக்கு ஒரு பெருவிரல் படம். அது கோபமா, பெருந்தன்மையா?

பின்னேரம் நிரோஜன் வந்தான். வாசலிலேயே தொடங்கினான்.

"அப்பா, என்னைக் காப்பாத்தத்தான் H போட்டனீங்கள் எண்டு எல்லாரும் கதைக்கினம்."

"கிரிக்கெட் பழக்கமடா. சத்தியமா."

"ஓம், ஓம்." சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தபடியே சொன்னான். "பந்து கையை விட்டுப் போகேக்கயே எனக்குத் தெரியும், என்ர பிழை எண்டு. ஊவே கோடியை எடுக்கேக்க வாயைத் திறந்திருக்கலாம். திறக்கேல்லை. போர்டில ஹிட் எண்டு விழ, அப்பாடா எண்டு இருந்துது."

இடிந்துபோனேன். என் பிள்ளையா இது? ஏச வாயெடுத்தேன்.

அந்த H-ஐ எழுதி முடித்ததும் நானும் ஒரு நீண்ட மூச்சு விட்டேன். இப்போதுதான் நினைவு வருகிறது.

எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது.