சாளை என்ற பெயருக்கு வந்த பதில்

ஏளா,

இன்று காலை என் கணினியிலிருந்து உன் சாளையை பிங் போட்டுக் கூப்பிட்டேன். பதில் வந்தது. ஒரு தடவை இல்லை, நாலு தடவை.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. உன் லேப்டாப்பை ஆபீஸ் திரும்ப வாங்கி, துடைத்து, அலமாரியில் பூட்டியாயிற்று. பிறகு யார் பதில் சொல்வது? கொஞ்ச நேரம் கழித்துத்தான் புத்தி வந்தது. நம் கன்டெய்னர் யார்டுக்குள் வருகிற கணினிக்கு எட்டு நாளைக்கு ஓர் எண்ணை இரவல் கொடுக்கிறோம். எந்தப் பெயர் எந்த எண்ணில் இருக்கிறது என்று டிஎன்எஸ் என்கிற பெயர்ப் பட்டியல் குறித்துக்கொள்ளும். கணினி போய்விடும், எண் இன்னொன்றுக்குப் போய்விடும், பழைய குறிப்பு மட்டும் அப்படியே கிடக்கும். உன் லேப்டாப்பின் எண் இப்போது கேட்டில் ரசீது போடுகிற கணினியிடம் இருக்கிறது. பதில் சொன்னது அதுதான். அது தெரிந்த பிறகும் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் மீன் பெயர் வைத்தவள் நீதானே. சர்வர் வஞ்சிரம், கேண்டீன் பிரிண்டர் நெத்திலி, லாரி நிறுக்கிற எடைமேடைப் பெட்டி பாறை. உனக்குக் கொடுத்த லேப்டாப் பழசு என்பதால் அதற்கு மலிவு மீனான சாளை. சங்கு குளிக்கிற வீட்டில் பிறந்துவிட்டு வேறென்ன பெயர் வைக்கச் சொல்லுத என்று கேட்பாய்.

பழைய குறிப்புகள் மண்டிப் போய், போன வாரம் கேட் பாஸ் கேண்டீனில் போய் அச்சாகியிருக்கிறது. டீ டோக்கன் கேட்டவர் கையில் கன்டெய்னர் நம்பர். புது மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, பழைய குறிப்பைத் தானாக அழிக்கிற துப்புரவை ஏன் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஏன் நிறுத்தினோம் என்று எனக்குத் தெரியாதா!

முதன்முதலில் துப்புரவைத் தொடங்கிய அன்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். "தேதி இல்லாத வரியத் தொடாத ஏளா, அதெல்லாம் கையால எழுதினது." தானாகப் பதிகிற குறிப்புக்குத் தேதி உண்டு, கணினி இருக்கும்வரை அது புதுப்பித்துக்கொண்டே வரும். புதுப்பிக்காமல் பழசானதைத் துப்புரவு அழித்துவிடும். கையால் எழுதியதற்குத் தேதி கிடையாது, துப்புரவு அதை விட்டுவிடும். நான்தான் பெரிய இவளாட்டம், எல்லா வரியும் ஒரே சீராக இருக்கட்டும் என்று ஒரே கட்டளையில் அத்தனைக்கும் தேதி போட்டேன். எடைமேடைப் பெட்டிக்குத் தேதியைப் புதுப்பிக்கத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து, கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் கடைசி நாளில், பாறை என்ற வரியே காணோம்.

எடை போட முடியாமல் லாரிகள் துறைமுகச் சாலை வரைக்கும் நின்றன. உப்புக்காற்றில் டிரைவர்கள் ஹாரனை விடாமல் அடித்தார்கள். நீ மனப்பாடமாய் வைத்திருந்த எண்ணைத் தட்டி பாறையைத் திருப்பிக் கொண்டுவந்தாய். நான் அழுதுகொண்டிருந்தேன். கைப்பிள்ளைக்காரி, ஒப்பந்த வேலை, அந்த மாதம்தான் புதுப்பிக்கிற மாதம்.

"நீ வாயத் தொறக்காத. நா பெர்மனன்ட்டு, ஏசுவாவ, அவ்ளோதான். ஒன்ன வீட்டுக்கு அனுப்பிருவாவ" என்றாய்.

பதிவேட்டில் உன் கையெழுத்தில், "என் கவனக்குறைவு" என்று எழுதினாய். ஏச்சும் வாங்கினாய், சீனியர் பதவியும் கைநழுவியது. என் வேலை நிலைத்தது. நான் வாயைத் திறக்கவே இல்லை. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன்.

இன்று மேனேஜர் மேசையில் உன் தங்கச்சியின் விண்ணப்பத்தைப் பார்த்தேன். நேர்காணல் முடிந்து ஒதுக்கி வைத்திருந்தார். ஏன் சார் என்றேன். பதிவேட்டைக் காட்டி, எடைமேடையைக் கவுத்தவங்க தங்கச்சியாமே, யோசனையா இருக்கு என்றார்.

அது நான் செய்தது சார் என்று சொல்லிவிட்டேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பயம் என்றேன். உன் வரிக்குக் கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். விண்ணப்பத்தை எடுத்து மற்றவற்றோடு சேர்த்து வைத்தார். எனக்கு என்ன வரப்போகிறதோ தெரியாது, வரட்டும்.

வேலை முடிந்ததும் நேரே உன் வீட்டுக்குப் போனேன். அம்மா வழக்கம்போல, வந்த காலோடு சாப்பிட உட்கார் என்றார்கள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். உன் தங்கச்சி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும்க்கா. அக்கா எடைமேட நின்ன அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிட்டா. நீங்களா சொல்லுத வரைக்கும் யாரும் கேக்கக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டா. இன்டர்வியூல அந்த சார் கேட்டப்பவும் நான் ஒண்ணும் சொல்லல."

அம்மா எனக்குத் தட்டைக் கழுவி வைத்தார்கள்.

ஆபீஸை விட்டுக் கிளம்புமுன்பே துப்புரவை இன்று ஒழுங்காகத் திறந்துவிட்டேன். கையால் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அன்று நான் போட்ட தேதியை எடுத்துவிட்டு. சாளைக்குப் பழைய தேதி. இந்த வாரத்துக்குள் போய்விடும். கையால் திரும்ப எழுதி வைக்க விரல் துடித்தது, வைக்கவில்லை. பாறையின் எண் எனக்கும் இப்போது மனப்பாடம், தினமும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உன் வீட்டில் சாப்பிட்டிருப்பேன் ஏளா. உன் பங்கு மீனையும் எடுத்து என் தட்டில் போடுவார்களே அம்மா. எல்லாம் தெரிந்துதான் போட்டிருக்கிறார்கள்.