விளக்கைத் தூக்கினால் திரை விழும்

மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் பேசினால் 'சாப்பிட்டியா'வைத் தாண்டுவதற்குள் சண்டைக்குப் போய்விடுகிறோம். அதனால்தான் கடிதம். கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கிறது என்று ஆரம்பிக்காதே.

இதைக் கொண்டுவருகிறவர் என்னோடு வேலை செய்கிறவர். ஒரு மடிக்கணினியும் தருவார். அதில் நாங்கள் செய்துகொண்டிருக்கும் கதை விளையாட்டு இருக்கிறது. ஓடுவது, சுடுவது எதுவும் கிடையாது. படம் நிற்கும், கீழே ஒரு கட்டத்தில் வசனம் வரும், நீ ஒரு தட்டு தட்டினால்தான் அடுத்த வசனம். நடுநடுவே இரண்டு வழி காட்டும். எதைத் தொடுகிறாயோ கதை அந்தப் பக்கம் போகும்.

என்ன கதை என்று ஊகித்திருப்பாய். அப்பாவின் கடைசி நாடகம். அப்பா வீட்டுக்காரர், நீ காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரி. அழவைக்க வேண்டிய நாடகம் அன்றைக்குச் சிரிப்பாய்ச் சிரித்தது. கதவு சட்டத்தோடு விழுந்தது, அப்பா கைப்பிடியை மட்டும் வைத்துக்கொண்டு "வெளியே போ" என்றது, தொலைபேசி ஒயர் பிய்ந்து கையோடு வந்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தது, போலீஸ்காரர் ஒரு காட்சி முன்னாலேயே வந்து "அப்புறமா வரேன்" என்று திரும்பினது, எல்லாம் வைத்திருக்கிறேன். உங்கள் குழு எடுத்த ஒலிப்பதிவிலிருந்து கூட்டத்தின் சிரிப்பையும் சேர்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு கட்டம் காலி. அப்பா மேஜை ஓரமாகச் சரிந்து உட்கார்ந்து உன்னிடம் ஏதோ சொன்னார். அதற்குமேல் அவர் பேசவே இல்லை. அதையும் கோமாளித்தனம் என்று நினைத்து எல்லோரும் சிரித்தோம். எட்டு வயசில், முன் வரிசையிலிருந்து, அவர் உதடு அசைந்ததைப் பார்த்தேன். பதிவில் வெறும் சிரிப்புதான் இருக்கிறது. கேட்டது நீ ஒருத்திதான். அந்த வசனம் இல்லாமல் என்னால் இந்த விளையாட்டை வெளியே விட முடியாது. எழுதி அனுப்பு.

உன் மகள்,
வாயாடி


மார்ச் 11

என் வாயாடிக்கு,

கையெழுத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கோழி கோபித்துக்கொள்ளும்.

பள்ளிக்கூடச் சீருடை தைத்து மாளவில்லை. தையல் மெஷினை ஓரம் தள்ளி உன் பெட்டியை வைத்திருக்கிறேன். உன் ஆள் எங்கே தட்டணும் என்று காட்டிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டார். அப்படி என்னதான் வேலை வாங்குகிறீர்கள் அவரை?

கதவு விழுகிற இடம்வரை பார்த்தேன். என் மூக்கை அத்தனை பெரிதாக வரையச் சொன்னது யார்? அப்பா நன்றாகவே வந்திருக்கிறார். இடது தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கணும். அவருக்குச் சட்டை தைக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் ஒரு விரல் குறைத்துத்தான் வெட்டுவேன். படத்தில் இருக்கிறவர் கண்ணைச் சிமிட்டுகிறாரே, அது எப்படி? முதல் தடவை பயந்துபோய் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன்.

ஒன்று கேட்கணும். அந்தச் சிரிப்பில் நீ இல்லை. கூட்டம் மொத்தமும் இருக்கிறது, நீ மட்டும் இல்லை. உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா, விக்கல் மாதிரி விட்டுவிட்டு வரும். எங்கே போனது அது?

நீ கேட்டது எனக்கு நினைவில்லை. அந்தச் சத்தத்தில் சரியாகக் காதில் விழவும் இல்லை. நீயே ஏதாவது எழுதிக்கொள். நீதானே கதை எழுதுகிறவள்.

அம்மா


மார்ச் 16

அம்மா,

என் சிரிப்பை நான்தான் முழுசாக வெட்டி எடுத்தேன். பதிவை நீ கேட்டிருக்க மாட்டாய். கூட்டம் மெல்ல மெல்ல அடங்குகிறது. ஏதோ சரியில்லை என்று பெரியவர்களுக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறமும் ஒரு குழந்தை மட்டும் சிரித்துக்கொண்டே இருக்கிறது. வெட்டின பிறகும் எனக்கு அது கேட்கிறது. பஸ்ஸில் கேட்கிறது, குளிக்கும்போது குழாயைத் திறந்தால் கேட்கிறது.

தோளை இறக்கச் சொல்லிவிட்டேன். மூக்கு அப்படியேதான் இருக்கும், அது உன் மூக்கு.

நினைவில்லை என்று மட்டும் சொல்லாதே. சட்டையில் ஒரு விரல் குறைத்தது நினைவிருக்கிறது, இது இல்லையா? கைக்கு எட்டும் தூரத்தில் நின்றாய். மேஜை விளக்கை நீ தூக்கினால் திரை விழும், அதுதான் உங்கள் குழுவில் ஏற்பாடு. திரை இழுக்கிறவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ தூக்கவில்லை. காட்சியை முழுசாக நடித்து முடித்துவிட்டுத்தான் அவர் பக்கம் குனிந்தாய். நாம் போட்ட சண்டையெல்லாம் இந்த ஒரே சண்டைதான் என்று உனக்கும் தெரியும்.

மகள்


மார்ச் 25

என் வாயாடிக்கு,

அந்த இடத்துக்கு வந்துவிட்டேன். காலிக் கட்டம் வந்தது. அதன் கீழே இரண்டு வழி காட்டியது. 'விளக்கைத் தூக்கு', 'விளக்கைத் தொடாதே'. இப்படி ஒன்று இருக்கிறது என்று நீ எனக்குச் சொல்லவே இல்லை.

தூக்கினேன். திரை விழுந்தது. அப்பா எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "கதவை எவன் மாட்டினது?" என்று கத்தினார். அப்புறம் நம் பழைய வீடு வந்தது. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, "தூங்கிட்டாளா?" என்று கேட்டார். அதற்குமேல் நான் தட்டவில்லை.

அன்றிலிருந்து அவர் அங்கேதான் இருக்கிறார். நான் தட்டாதவரை எழுந்து போகமாட்டார் என்று தெரிந்துபோயிற்று. பொத்தான் தைக்கும்போது நிமிர்ந்து பார்க்கிறேன், அவரும் பார்க்கிறார். படுக்கும்போது வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதென்று துண்டைப் போட்டு மூடினேன். பிறகு, மூச்சு முட்டுமே என்று ஓரத்தில் கொஞ்சம் விலக்கிவிட்டேன். சமைத்தால் இரண்டு பேருக்கு ஆகிவிடுகிறது. மாடியில் இருக்கிறவள் ரவிக்கை அளவு கொடுக்க வந்து, "யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?" என்றாள். ரேடியோ என்றேன். நம் வீட்டில் ரேடியோ கிடையாது என்பது அவளுக்கும் தெரியும்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. அவரோடு கொஞ்ச நாள் இருக்கணும் போல இருக்கிறது, அவ்வளவுதான்.

அம்மா


மார்ச் 29

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்குப் பயமாக இருக்கிறது. அதை அணைத்துவிடு. வலது ஓரத்துப் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும்.

அந்த வழியைக் கோபத்தில் எழுதினேன். உனக்கு உறைக்கணும் என்றே எழுதினேன். விளக்கைத் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானாகச் சொல்லிக்கொண்டது. நீ அந்தப் படத்தோடு குடித்தனம் நடத்துவாய் என்று நான் நினைக்கவே இல்லை.

உன் கடிதம் வந்ததும் ஆபீஸில் அந்தக் காட்சியைத் திறந்தேன். "தூங்கிட்டாளா?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்க்கிறார். "இல்லப்பா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அடுத்த நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அந்த வழியை எடுத்துவிடப் போகிறேன். வசனமும் வேண்டாம், காலியாகவே இருக்கட்டும். நீ கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நாலு பேரோடு பேசு. நான் சொன்னதெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன் வாயாடி


ஏப்ரல் 6

என் கண்ணே,

எடுக்காதே. அவர் உட்கார்ந்து கேட்ட கேள்விதான் என்னைக் கரைத்துவிட்டது. விளக்கைத் தூக்கினாலும் அவர் உன்னைத்தான் கேட்கிறார், தூக்காவிட்டாலும் உன்னைத்தான் கேட்டார். தெரியாமலேயே சரியாக எழுதிவிட்டாய்.

அன்றைக்கு நான் விளக்கைப் பிடித்துவிட்டேன். மேஜையிலிருந்து ஒரு நூல் எழும்பியும் விட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தூக்காதே. பாப்பா சிரிக்கிறா. கொஞ்ச நேரம் கேட்டுட்டுப் போறேன்." இதுதான் அவர் சொன்னது. வாசல்வரை போவதென்றாலும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் போகாதவர். அன்றைக்கு 'போறேன்' என்று மட்டும் சொன்னார்.

விளக்கைக் கீழே வைத்தேன். நீ நிறுத்திவிடக் கூடாது என்று வேண்டுமென்றே வசனத்தைத் தப்புத் தப்பாகச் சொன்னேன். டம்ளரை உருட்டிவிட்டேன். காலடியில் விழுந்து கிடந்த கதவைக் காலால் தட்டி, "யாரு உள்ளே?" என்றேன். கூட்டம் அடங்கிவிட்டது, எனக்கும் தெரிந்தது. நீ சிரித்துக்கொண்டிருந்தாய். என் மணிக்கட்டில் அவர் பிடி விட்டுப்போகிறவரை நான் நடித்தேன். அப்புறம்தான் குனிந்தேன்.

இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? உன் சிரிப்பைக் கேட்கத்தான் திரை விழவில்லை என்று எட்டு வயசுக் குழந்தையிடம் சொன்னால் அது மறுபடி சிரிக்குமா? என்மேல் கோபமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். வயசு ஏற ஏறக் கோபம் குறையும் என்று பார்த்தேன். உனக்கு அதுவும் கூடவே வளர்ந்தது.

உன் பெட்டியை மூடிவிட்டேன். மூடுமுன், "தூங்கிட்டா" என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டுத் தட்டினேன். எழுந்து உள்ளே போனார்.

அம்மா


ஏப்ரல் 10

என் அம்மாவுக்கு,

காலிக் கட்டத்தில் அப்பா சொன்னதை எழுதிவிட்டேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. விளக்கைத் தூக்கும் வழியும் அப்படியே இருக்கிறது. வேண்டியவர்கள் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகட்டும்.

வெட்டின சிரிப்பைத் தூக்கிப்போட்டுவிட்டதாக நினைத்திருந்தேன். தேடினால் இருந்தது. எடுத்த இடத்திலேயே ஒட்டிவிட்டேன். அந்தக் காட்சியில் கூட்டம் அடங்கும், நான் மட்டும் சிரிப்பேன், விக்கல் மாதிரி. அப்பா கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்பார். யாராவது தட்டினால்தான் அடுத்த வசனம் வரும். தட்டாமல் இருந்தால் சிரிப்பு ஓயாமல் வந்துகொண்டே இருக்கும்படி வைத்திருக்கிறேன்.

இன்று சோதித்துப் பார்த்தேன். எனக்குத் தட்டவே மனசு வரவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர், "நின்னு போச்சா?" என்று கேட்டார். "இல்லை, ஓடிட்டுத்தான் இருக்கு" என்றேன்.

சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். வந்தவுடன் இளைத்துவிட்டாய் என்று ஆரம்பிக்காதே, எதற்கு வந்தாய் என்றும் கேட்காதே. உன் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு உட்காரணும்.

வாயாடி