மூன்றாம் இடத்தில் இருந்த பெயர்

பொம்மனஹள்ளி, பெங்களூரு
20 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜோசஃபின் ஆன்ட்டி,

நீலை அடக்கம் செய்த அன்று, "எனக்கு ஃபோன் பண்ணாதப்பா" என்றீர்கள். எழுதாதே என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். தங்கவயலில் தங்கை வீட்டில் இருக்கிறீர்கள் என்று ஃப்ரேசர் டவுனில் உங்கள் கீழ் வீட்டில் சொன்னார்கள்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. சைக்கிள் பந்தயம் நடத்தியவர்களிடமிருந்து நேற்று ஒரு கூரியர் வந்தது. உள்ளே கேடயம். "மூன்றாம் இடம், கவின்" என்று பொறித்திருக்கிறது. நந்தி மலையில் நான் ஒரு மீட்டர்கூட ஓட்டவில்லை. ஓட்டியது உங்கள் மகன்.

எப்படி நடந்தது என்று நீங்கள் என் வாயால் கேட்டதில்லை. பெயர் கொடுத்தது நான். நீல் கடைசி தேதியைத் தவறவிட்டுவிட்டான். பந்தயத்துக்கு முன்பு, பந்தய நாளான ஞாயிறும் வேலைக்கு வா என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். "நம்பர் சும்மா கெடக்குது, நீ ஓட்டுடா" என்று கொடுத்தேன். இங்கே எல்லோரும் செய்வதுதான். முதுகில் என் நம்பர், சைக்கிளில் நேரம் பார்க்கும் என் சிப், படிவத்தில் அவசரத்துக்கு ராஜலக்ஷ்மி என்று என் அம்மாவின் பெயரும் ஃபோனும்.

பந்தயம் முடிந்து மலை இறங்கும்போது அவன் விழுந்ததும் என் அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். ஆபீஸில் எங்கள் தளத்துக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. டீ குடிக்க வெளியே வந்து பார்த்தால் வரிசையாக அம்மாவின் அழைப்புகள். நான் கூப்பிட்டபோது அவர் டாக்ஸியில் ஹெப்பாளைத் தாண்டியிருந்தார். "நான் ஆபீஸ்லதான்மா இருக்கேன்" என்றேன். அழுதுகொண்டே சிரித்தார். அப்புறம் டிரைவரிடம், "வண்டியத் திருப்புங்கப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றார். அதை நான் ஃபோனில் கேட்டேன். வண்டியைத் திருப்பியது தப்பு. நீல் அங்கே தனியாகக் கிடந்தான். நீங்கள் பூசையில் இருந்தீர்கள், உங்கள் ஃபோன் அணைந்திருந்தது.

கேடயத்தை என்ன செய்வது? என் வீட்டில் வைக்க முடியாது.

கவின்


ஆண்டர்சன்பேட்டை, கோலார் தங்கவயல்
27 பிப்ரவரி 2025

அன்பு மகன் கவினுக்கு,

உனக்கும் உன் அம்மாவுக்கும் ஆண்டவர் துணையிருக்கட்டும். நானும் தங்கச்சியும் இருக்கிறோம். இங்கே குளிர் விட்டுவிட்டது. உன் கையெழுத்துக்கு என் கண்ணாடி போதவில்லை, பூதக்கண்ணாடி வாங்க வேண்டியிருந்தது. இன்ஜினியர்கள் எல்லோரும் இப்படித்தான் எழுதுவீர்களா?

அம்மாவைக் குறை சொல்லாதே. நானாக இருந்தாலும் வண்டியைத் திருப்பியிருப்பேன்.

நீல் எதற்காக மலை ஏறினான் என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. விடியுமுன் எழுந்து வாழைப்பழத்தை ஒரு சீப்பாக உள்ளே தள்ளுவான். இரண்டு காலையும் வழவழவென்று சிரைத்துக்கொண்டு வந்து நிற்பான். "என்னடா இது, கல்யாணப் பொண்ணு மாதிரி?" என்று கேட்டால், "அப்பத்தாம்மா காத்து கிழியும்" என்பான். ரோமத்தில் என்ன காற்று நிற்கும், நீயே சொல்.

கேடயம் எனக்கு வேண்டாம். தங்கச்சி மகள் லீனா அந்தப் பந்தயத்தின் முடிவுப் பக்கத்தை ஃபோனில் காட்டினாள். மூன்றாவது வரியில் உன் பெயர். என் மகன் பள்ளிக்கூடத்தில்கூட ஒரு பரிசு வாங்கினதில்லை. வாழ்க்கையில் ஒரு தடவை வாங்கியிருக்கிறான், அதிலும் அவன் பெயர் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு பெயரை மாற்றுவது உங்களுக்கெல்லாம் பெரிய வேலையா? அந்த இடத்தில் நீல் என்று போடச் சொல். வேறெதுவும் உன்னிடம் கேட்க மாட்டேன்.

உன் ஆன்ட்டி,
ஜோசஃபின்


பொம்மனஹள்ளி
5 மார்ச் 2025

அன்புள்ள ஆன்ட்டி,

டைப் செய்து அனுப்புகிறேன். பூதக்கண்ணாடி தேவைப்படாது.

நீங்கள் கேட்டது நடக்காது. ஒருவர் நம்பரில் இன்னொருவர் ஓட்டினால் இரண்டு பேரையும் நீக்கிவிடுவார்கள், அதுதான் விதி. பெயரை மாற்ற மாட்டார்கள். அந்த வரியையே எடுத்துவிடுவார்கள். விழுந்தது யார் என்று போலீசுக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குத் தெரியும். முடிவுப் பக்கம் போடுகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு சிப் மட்டும்தான் தெரியும். யாரும் போய்ச் சொல்லாதவரை அந்த வரி அங்கேயே இருக்கும்.

அதனால் விட்டுவிடுங்கள் என்கிறேன். பெயர்தான் தப்பு. இடம் அவனுடையது, நேரம் அவனுடையது. சொன்னால் எல்லாம் போய்விடும். இல்லாமலே போவதைவிடத் தப்பான பெயரோடு இருப்பது மேல். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நாலாவதாக வந்த ரித்விக்கைப் போய்ப் பார்த்தேன். எல்லோரையும் 'குரு' என்று கூப்பிடுகிறவன், அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவன் மனுஷனே இல்ல குரு. கடைசி ஏத்தத்துல எனக்கு மூச்சே வரல, அவன் பாட்டுப் பாடறான். மலைக்கு முன்னாடி நேர் ரோட்ல, 'என் பின்னாடியே ஒட்டிக்கினு வா, காத்த நான் வாங்கிக்கறேன்'னான். நான் யாருன்னே அவனுக்குத் தெரியாது."

முன்னால் போகிறவன் காற்றை வாங்கிக்கொண்டால் பின்னால் வருகிறவனுக்குப் பாரம் குறையும். போட்டிக்கு வந்தவனுக்கு யாரும் அதைச் செய்வதில்லை. நீல் செய்வான். எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. காலைச் சிரைப்பது காற்றுக்காக மட்டும் இல்லை. விழுந்தால் காயத்தைக் கழுவிக் கட்டுப் போட வசதியாக இருக்கும் என்பதற்காக. உங்களிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டான்.

கவின்


ஆண்டர்சன்பேட்டை
13 மார்ச் 2025

மகனே கவின்,

கட்டுப் போடுவதற்கு என்று எழுதியிருக்கிறாயே, அதை எழுதாமல் விட்டிருக்கலாம். போகட்டும், உனக்கு மறைக்க வராது.

பாட்டுப் பாடினான் என்பதைத் தங்கச்சிக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். கோயில் பாடற்குழுவில் அவன் வாயைத் திறந்தால், "நீ சும்மா நில்லுப்பா, போதும்" என்பார்கள். அவ்வளவு கட்டைக் குரல். அதைக் கேட்டுக்கொண்டே மலை ஏறின அந்தப் பிள்ளைக்குப் பொறுமை அதிகம்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அங்கே மமதா என்று ஒரு நர்ஸ், என் கையைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் சொன்னாள். "ரொம்ப நேரம் கூப்பிட்டோம்மா. கவின், கவின், கண்ணத் தொறங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தோம். ஒரே ஒரு தடவ தொறந்தாரு. சுத்திப் பாத்தாரு. அப்புறம் மூடிட்டாரு."

தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திறந்தானா, நீ வந்திருக்கிறாய் என்று உன்னைத் தேடினானா, எனக்குத் தெரியாது. ஆனால் அவன் பெயரைச் சொல்லி அவனை யாரும் கூப்பிடவில்லை. ஞானஸ்நானத்தில் நான் வைத்த பெயர், கவின். நான் அங்கே இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன்.

உன் பெயருக்குக் கீழே அவன் இன்னும் கிடக்க வேண்டாம். இருப்பது மேல் என்கிறாய். நீ கணக்குப் பார்க்கிறாய். வரி போனால் போகட்டும். என் பிள்ளை இல்லையென்றால் இல்லையென்றே இருக்கட்டும், இன்னொருவராக இருக்க வேண்டாம். போய்ச் சொல்லிவிடு.

ஜோசஃபின்


பொம்மனஹள்ளி
26 மார்ச் 2025

அன்புள்ள ஆன்ட்டி,

சொல்லிவிட்டேன். மறுநாளே வரியை எடுத்துவிட்டார்கள். எனக்கு இரண்டு வருடம் தடை என்று மெயில் வந்தது. அதே மெயிலில் நீலுக்கும் இரண்டு வருடம் தடை. என்ன அறிவோ! திட்டிப் பெரிதாக ஒரு பதில் எழுதினேன். அப்புறம் அழித்துவிட்டேன்.

கேடயத்தைத் திருப்பி அனுப்பியாயிற்று. ரித்விக் இப்போது மூன்றாவது. "எனக்கு வேணாம் குரு, அவன் முதுகப் பாத்துக்கினேதான் நான் மேல வந்தேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பந்தயக்காரர்களுக்கு அவனும் மறுத்து எழுதிவிட்டான். ஆனாலும் பக்கத்தில் அவன் பெயர்தான் இருக்கிறது.

நர்ஸ் கூப்பிட்டதை நீங்கள் எழுதியதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. ஆபீஸில் யாராவது "கவின்" என்றால் உடனே திரும்பிப் பார்க்க வரமாட்டேன் என்கிறது. அவன் என்னைத்தான் தேடினானா என்று யோசிக்கிறேன். தெரிந்துகொள்ள வழியில்லை. வழியில்லாத கேள்வியில் நேரத்தை வீணாக்காதே என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை தங்கவயலுக்கு வரட்டுமா? ரயிலில்தான் வருவேன். அம்மாவும் வருகிறேன் என்கிறார். வண்டியைத் திருப்பியதற்கு உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். தினமும் அதையே சொல்கிறார். நீங்கள் வரச் சொல்லி எழுதினால்தான் வருவோம். சீக்கிரம் எழுதுங்கள்.

கவின்


ஆண்டர்சன்பேட்டை
3 ஏப்ரல் 2025

ராஜலக்ஷ்மி அம்மாவின் மகனுக்கு,

லீனா பக்கத்தைக் காட்டினாள். மூன்றாவது வரியில் அந்தப் பாட்டுக் கேட்ட பிள்ளையின் பெயர். மேலேயும் கீழேயும் தள்ளித் தள்ளித் தேடினாள். நீயும் இல்லை, நீலும் இல்லை. சொன்னதைச் செய்தாய். நல்லா இரு.

நீங்கள் வர வேண்டாம். இனிமேல் எழுதவும் வேண்டாம். கோபம் என்று நினைக்காதே. கோபமாக இருந்தால் வரவழைத்து உட்கார வைத்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். உன் கடிதம் வந்தால் இங்கே தபால்காரர் கேட்டில் நின்று உறையைப் படித்து, "ஆன்ட்டி, கவின்கிட்டேர்ந்து வந்திருக்கு" என்று சத்தமாகச் சொல்கிறார். அந்தப் பெயரைக் கேட்டால் உன் முகம் எனக்கு வரமாட்டேன் என்கிறது. கண்ணைத் திறந்து சுற்றிப் பார்க்கிற முகம்தான் வருகிறது. வெளியே போய் வாங்கத் தங்கச்சியைத்தான் அனுப்புகிறேன். உன்மேல் ஒரு தப்பும் இல்லை. என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொல், திருப்பியது சரிதான். வீட்டுக்குள் நீ வரும்போதும் போகும்போதும் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல். கூப்பிட்டதும், "என்னம்மா" என்று கேள். எந்த வேலையில் இருந்தாலும் கேள்.

இப்படிக்கு,
நீலின் அம்மா