குளிசை என்றால் மாத்திரை

அறந்தாங்கி,
ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மச்சானுக்கு,

ஜோதிமணி எழுதுவது. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். உங்கள் வார்டில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்களாம். அதனால் இதை எழுதிப் போட்டோ எடுத்து உங்கள் ரூம் ஜெயசீலன் அண்ணனுக்கு அனுப்புகிறேன். அவர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து தருவார்.

இங்கே எல்லோரும் சுகம். நம்ம பிள்ளை சந்தியாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. வாயைத் திறக்காமல் சிரிக்கிறாள். அத்தையிடம் நீங்கள் முதுகுவலிக்காக அபுதாபி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. மீதியை நீங்களே எப்போதாவது சொல்லிக்கொள்ளுங்கள்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் நினைத்துக்கொண்டே இருப்பீர்கள். போன திங்கட்கிழமை அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். நாலு நாளாக உங்களிடமிருந்து போன் இல்லை. தெரியாத நம்பரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "தங்கச்சி, நான் ஜெயசீலன், அல் ஐனில உடையப்பனோட ரூமில இருக்கிறனான். பயப்பிடாதேங்கோ, அவர் சுகமா இருக்கிறார். முதல்ல ஒண்டு சொல்லுங்கோ, ஆரிட்டயாவது குளிசை குடுத்து விட்டனீங்களோ?" என்றார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. குளிசை என்றால் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. மாத்திரை என்று சொன்னார். கையிலிருந்த முட்டை கீழே விழுந்துவிட்டது.

அன்று காலையில்தானே என் தம்பி விஜயபாஸ்கர் ஷார்ஜா வேலைக்குக் கிளம்பினான். உங்களுக்கென்று பருப்புப்பொடி டப்பாவுக்குள் ஆறு அட்டை வலி மாத்திரை வைத்து, அவன் பையில் நான்தான் திணித்தேன். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து நீங்கள் லீவில் வந்தபோது டாக்டர் பத்து நாளைக்கு எழுதிய அந்தப் பழைய சீட்டைக் காட்டித்தான் இரண்டு வருஷமாக வாங்கி, அங்கே வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். முதலில் மாதம் ஓர் அட்டை கேட்டீர்கள். அப்புறம் மூன்று, அப்புறம் ஆறு. வலி கூடிவிட்டது என்று நினைத்தேனே தவிர, ஏன் என்று ஒரு தடவையாவது கேட்டேனா?

அங்கே அந்த மாத்திரை போதை மருந்துக் கணக்கு, அதோடு பிடித்தால் ஜெயில்தான் என்றார் அண்ணன். தம்பிக்கு மூன்று தடவை போன் அடித்தும் எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தான். திருச்சி ஏர்போர்ட் வாசலில் நிற்கிறேன் என்றான். டப்பாவைத் திற, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று கத்தினேன். திறந்து பார்த்துவிட்டு, "என்னக்கா இது?" என்றான். மறைக்காமல் சொல்லிவிட்டேன். ஆறு அட்டையையும் வாசல் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன் என்றான். பிறகு, "நான் மச்சானைப் போய்ப் பார்க்கிறேன். நீ அழாம இரு" என்று சொல்லி வைத்துவிட்டான். அன்றைக்கு என் தம்பியை நானே ஜெயிலுக்கு அனுப்பியிருப்பேன், மச்சான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. உங்களைப் பார்க்க வருவான்.

மற்றதையெல்லாம் அண்ணன்தான் சொன்னார். மாத்திரை தீர்ந்துபோய்க் கைகால் நடுங்கி, சாரத்தின் பாதியில் இறங்க முடியாமல் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றீர்களாமே. அவர் ஏறி வந்து இறக்கினாராம். உங்கள் பெயரைச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ஓர் ஆள் தானாக வந்து வைத்தியம் கேட்டால் போலீசில் கொடுப்பீர்களா என்று விசாரித்தாராம். தானாக வருகிறவருக்குக் கேஸ் இல்லை, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்களாம். அப்படியும் நீங்கள் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, அந்த வெயிலில், ஒரு மணி நேரம் நின்றீர்களாம். உள்ளே போனால் திரும்ப வெளியே விடமாட்டார்கள் என்றீர்களாம். அவரும் கூடவே நின்றாராம். "இழுத்துக்கொண்டு போகேல்லை தங்கச்சி, அவரே நடந்துதான் உள்ள போனவர்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

பழைய சீட்டை எடுத்துக்கொண்டு நம்ம டாக்டரிடம் போய் எல்லாம் சொன்னேன். அவர் திட்டவில்லை. இது குணமாகிற வியாதி, முதுகுக்கு வேறு வைத்தியம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது என்றார். சீட்டை அவர் மேஜையிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஜோதி என் மேல் கோபமாக இருக்கிறாளா என்று அண்ணனிடம் கேட்டீர்களாம். கோபம்தான். வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் கண் சொருகித் தூங்கினபோது, அங்கே குடிக்கிறீர்களோ, வேறு யாரும் இருக்கிறார்களோ என்று என்னென்னவோ நினைத்துத் தலையணையை நனைத்திருக்கிறேன். அந்தக் கோபமெல்லாம் நீங்கள் வந்தபிறகு நேரில் தீர்த்துக்கொள்கிறேன். இப்போது உங்களைப் பார்த்தால் போதும் என்றுதான் இருக்கிறது.

கம்பெனியில் சிக் லீவு சொல்லியிருக்கிறார்களாம். உங்களைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டால் நல்லது. இல்லையென்றால் ஊருக்கு வாருங்கள், பார்த்துக்கொள்வோம். டாக்டர் சொல்கிற நாள்வரை அங்கேயே இருங்கள். பாதியில் கிளம்பிவிடாதீர்கள். சந்தியா தலைமேல் சத்தியம்.

போன் கொடுக்கிற அன்றைக்கு முதலில் எனக்குக் கூப்பிடுங்கள். நல்லா இருக்கேன் என்று சொல்வதற்காக வேண்டாம். வலித்தால், வலிக்குது ஜோதி என்று சொல்லுங்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

என்றும் உங்கள்,
ஜோதிமணி