கடிகாரத்தை நிறுத்தும் பொத்தான்

மாத்தளை
15.06.2025

ஷஸ்னாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் லீவு முடிந்து நீங்கள் லக்கலவுக்கு பஸ் ஏறியதிலிருந்து வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. உங்கள் குவார்ட்டர்ஸில் சிக்னல் இல்லாததால் கோல் எடுத்தும் பயனில்லை. தப்பித் தவறிக் கிடைத்தாலும் நீங்கள் "ம்", "சரி" என்பதற்கு மேல் பேசுவதில்லை.

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் மிஸ், "வலது கைக்காகக் காத்துக்கிட்டு இருக்காதீங்க, இடது கையால தினமும் ஒரு பக்கமாவது எழுதுங்க" என்றார். இந்தக் கோழிக் கிறுக்கலைப் பொறுமையாக வாசிக்க உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஒரு நல்ல செய்தி. 'ஏழு மடை' மறுபடியும் வந்திருக்கிறது! அச்சகத்தில் சேர்ந்த புதிதில், டைப்செட்டிங் முடிந்த பிறகு முதலாளியின் கம்பியூட்டரில் நான் விளையாடுவேனே, அதேதான். மலையிலிருந்து வெள்ளம் வரும், காட்டிலிருந்து கொள்ளைக்காரர் வருவார்கள். மடைகளைத் திறந்து மூடி, வயலுக்கு நீர் பாய்ச்சி, ஊர்ச் சனத்தை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில். ஷஸ்னா டவுன்லோட் பண்ணிக் கொடுத்தாள். படம் அப்படித் தெளிவு. தண்ணீரில் மேகம் தெரிகிறது.

ஆனால் பெரிய குறை ஒன்று. பழைய விளையாட்டில் கீபோர்டின் நீளப் பொத்தானை அழுத்தினால் உலகமே நின்றுவிடும். அலை அந்தரத்தில் நிற்கும், கொள்ளைக்காரன் தூக்கிய காலோடு நிற்பான். நாம் யோசித்து, யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, மறுபடி அழுத்தினால் எல்லாம் நடக்கும். புதியதில் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டார்கள். "இப்போது உண்மையான வேகம்" என்று பெருமை வேறு. நான் மவுஸைப் பிடித்தால் கீபோர்டுக்குக் கை இல்லை. ஏழு கட்டத்தில் மூன்றாவது மடையிலேயே ஊர் மூழ்கிவிட்டது.

விளையாடியவர்களின் கருத்துகளை வாசித்தேன். சண்டைதான். பிரேசில்காரர் ஒருவர், "பளிங்கு மாதிரிப் படம், ஆனால் என் பழைய நண்பனின் மூளையை எடுத்துவிட்டு முகத்துக்குப் பவுடர் போட்டிருக்கிறீர்கள்" என்கிறார். போலந்துக்காரர் ஒருவர், "நிறுத்தி நிறுத்தி விளையாடுவது கிழவிகளுக்கு" என்கிறார். எனக்கு இன்னும் நாற்பதே ஆகவில்லை என்று அவருக்கு யார் சொல்வது?

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இருட்டிய பிறகு வாய்க்கால் பக்கம் போகாதீர்கள், யானை.

உங்கள்
ஜெஸ்லா

*

லக்கல
21.06.2025

அன்பின் ஜெஸ்லாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. கிறுக்கல் இல்லை, நன்றாக வாசிக்க முடிகிறது. எங்கள் அலுவலகக் கிளார்க்கின் எழுத்தைவிட மேல்.

இங்கே சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாது. மேல் வயல்காரரும் கீழ் வயல்காரரும் என் தலையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நீ அங்கே படத்தில் மடை திறக்கிறாய், நான் இங்கே சேற்றில் திறக்கிறேன். உன் ஊர்ச் சனம் என்னைத் திட்டும் சனத்தைவிட நல்லவர்களாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

முந்தாநாள் யானை வந்து வேலிக் கம்பத்தைச் சாய்த்துவிட்டுப் போனது. எனக்கு ஒன்றுமில்லை.

அந்தப் பொத்தானுக்காக மனதைப் போட்டு உடைக்காதே. விளையாட்டுத்தானே? கைப் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே.

அன்புடன்
முஸம்மில்

*

மாத்தளை
29.06.2025

ஷஸ்னாவின் வாப்பாவுக்கு,

ஸலாம். "விளையாட்டுத்தானே" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தங்கை றமீஸாவும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து அதையேதான் சொன்னாள். "மதினி, இந்த வயசுல இது தேவையா?"

தேவைதான். சொல்கிறேன், கேளுங்கள். றத்தோட்டை ரோட்டில் அந்த த்ரீவீலர் புரண்டதிலிருந்து நான் எதைத் தொட்டாலும் யாராவது ஓடி வந்து வாங்கிக்கொள்கிறார்கள். தேத்தண்ணிக் கோப்பையைக் கூட. அச்சகத்திலும், "முதல்ல உடம்பைப் பாருங்க" என்று அன்பாகச் சொல்லி, என் கதிரையில் வேறு பிள்ளையை இருத்திவிட்டார்கள். இந்த விளையாட்டில் மட்டும்தான் யாரும் ஓடி வருவதில்லை. மூழ்கினால் என் புத்தி போதவில்லை. மீண்டால் என் புத்தி.

ஆகவே நானும் கருத்து எழுதினேன். "இது பாதி போர், பாதி புதிர். புதிருக்கு யோசிக்க நேரம் வேண்டும். பொத்தானைத் திருப்பித் தாருங்கள்" என்று, சுருக்கமாக. உடனே வந்துவிட்டார்கள். "போய்ச் சீட்டு விளையாடு." "விரலில் தூக்கமா?" அந்தப் போலந்துக்காரர், "ஏழாவது மடையை நிறுத்தாமல் முடித்துவிட்டு வந்து பேசு" என்று எழுதினார். இதுவரை மிகச் சிலர்தான் அதை முடித்திருக்கிறார்களாம்.

எனக்குக் கோபம் வரவில்லை என்றால் நம்புவீர்களா? சந்தோஷமாக இருந்தது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒருவர் என்னோடு சரிக்குச் சரி சண்டை பிடிக்கிறார்! ஆறுதலாக யோசித்து, ஒழுங்காக ஒரு பதில் எழுதப் போகிறேன்.

உங்கள்
ஜெஸ்லா

*

லக்கல
06.07.2025

அன்பின் ஜெஸ்லாவுக்கு,

இதை வாசித்ததும் நீ சிரிப்பாய் என்று நினைக்கிறேன்.

நேற்று வேலையாகப் பல்லேகமைக்குப் போனேன். அங்கே சிக்னல் இருந்ததால் உன் விளையாட்டின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். உன்னை அவர்கள் பேசியிருந்த பேச்சைப் பார்த்து எனக்கு இரத்தம் கொதித்தது. பஸ் ஸ்டாண்ட் வாங்கில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் நானே ஒரு கருத்து எழுதிப் போட்டேன். "நீங்கள் கேலி செய்தது என் மனைவியை. விபத்தில் அவளுடைய வலது கை செயலிழந்துவிட்டது. அவளுக்கு இருக்கும் ஒரே சந்தோஷம் இதுதான். கொஞ்சமாவது இரக்கம் காட்டுங்கள்" என்று.

பஸ் வருவதற்குள் பார்க்க வேண்டுமே! எத்தனை பேர் மன்னிப்புக் கேட்டார்கள், எத்தனை பேர் அழுகிற முகம் போட்டார்கள்! விளையாட்டைச் செய்த கம்பனியே, "உங்கள் மனைவியின் கதை எங்கள் நெஞ்சைத் தொட்டது, அவருக்கு ஒரு பரிசு அனுப்புகிறோம்" என்று எழுதியிருக்கிறது. கேலி செய்த ஒருவரும் இப்போது வாய் திறப்பதில்லை.

இனி உன்னை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

அன்புடன்
முஸம்மில்

*

மாத்தளை
10.07.2025

முஸம்மில் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே ஷஸ்னா பார்த்துவிட்டு வந்து காட்டினாள்.

ஆம், இனி யாரும் என்னை ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள். "பாவம், அந்தச் சகோதரி கேட்பதைக் கொடுத்துவிடுங்கள்" என்று எழுதுகிறார்கள். நான் சொன்னது சரியா பிழையா என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. போலந்துக்காரரும், "மன்னியுங்கள், எனக்குத் தெரியாது" என்று ஒதுங்கிவிட்டார். எனக்கு அவருடைய மன்னிப்பு வேண்டாம். எனக்கு அவரோடு வாதாடி வெல்ல வேண்டியிருந்தது.

என் கை என்னுடையது. அதை உலகத்துக்குக் காட்டுவதா மறைப்பதா என்று நான்தான் தீர்மானிக்க வேண்டும். நீங்கள் என்னைக் கேட்கவில்லை.

'ஒரே சந்தோஷம்' என்று எழுதினீர்களே. நீங்களும் ஷஸ்னாவும் எனக்கு யார்?

அதை அழித்துவிடுங்கள். பரிசு வந்தால் திருப்பி அனுப்புவேன். இந்தக் கிழமை வர வேண்டாம். நான் எழுதும்வரை கோல் எடுக்கவும் வேண்டாம்.

ஜெஸ்லா

*

லக்கல
18.07.2025

அன்பின் ஜெஸ்லாவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே பல்லேகமைக்குப் போய் அதை அழித்துவிட்டேன். பரிசு வேண்டாம் என்றும் கம்பனிக்கு எழுதிவிட்டேன். நீ பதில் எழுத வேண்டியதில்லை. ஆனால் நேற்று நடந்த ஒன்றை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தண்ணீர் பங்கிடுவது பற்றிக் கூட்டம். கண்டியிலிருந்து பொறியியலாளர் வந்திருந்தார். கீழ் வயலுக்கு முதலில் விடாவிட்டால் பயிர் கருகும் என்று சொல்லக் கணக்கோடு போயிருந்தேன். நான் எழும்பி, "சேர், கீழ் வயலுக்கு..." என்று தொடங்கினேன். அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"முஸம்மில், வீட்டுல மனுசிக்கு ஏலாதுன்னு கேள்விப்பட்டேன். பாவம், களைச்சிருப்பீங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க, இதை நாங்க பாத்துக்குறோம்."

எல்லோரும் என்னைக் கனிவாகப் பார்த்தார்கள். ஒருவர் தேத்தண்ணி கொண்டுவந்து கையில் தந்தார். என் கணக்கை யாரும் கேட்கவில்லை. கெட்ட மனிதர்கள் இல்லை, ஜெஸ்லா. அத்தனை பேரும் நல்லவர்கள். ஆனால் அந்தக் கோப்பையோடு நின்றபோது எனக்கு வெட்கமா கோபமா என்று சொல்லத் தெரியவில்லை. அப்போதுதான் நான் உனக்கு என்ன செய்தேன் என்று விளங்கியது.

தேத்தண்ணியைக் குடிக்காமல் மேசையில் வைத்தேன். "வீட்டுல எல்லாரும் சொகம், சேர். நான் தண்ணியைப் பத்தித்தான் பேச வந்தேன்" என்றேன். பேசினேன். கேட்டதில் பாதி கிடைத்தது.

நீ ஏலாதவள் இல்லை. நான்தான் உன்னை அப்படி ஆக்கினேன். என்னை மன்னித்துக்கொள்.

முஸம்மில்

*

லக்கல
03.08.2025

அன்பின் ஜெஸ்லாவுக்கு,

தபால்காரர் வெறுங்கையோடு போகிறார். உன் கோபத்துக்கு அவசரம் இல்லை, எனக்குத்தான் அவசரம். கீழ் வயல் பச்சை பிடித்திருக்கிறது. உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

முஸம்மில்

*

மாத்தளை
26.08.2025

என் ஷஸ்னாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வென்றுவிட்டேன்!

ஒழுங்காகச் சொல்கிறேன். உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. அந்தத் தேத்தண்ணியை மேசையில் வைத்தீர்களே, அந்த இடத்தில் என் கோபம் இறங்கிவிட்டது. ஆனாலும் எழுதவில்லை. கையில் ஒரு வேலை இருந்தது, அதை முடித்துவிட்டு எழுத வேண்டும் என்றிருந்தேன்.

ஏழாவது மடை. அங்கே எல்லோரும் பாலத்தில் நின்று கொள்ளைக்காரரோடு சண்டை பிடிக்கிறார்கள். அதற்கு இரண்டு கையும் பறக்க வேண்டும். நானும் அப்படியே செய்து, மறுபடி மறுபடி மூழ்கினேன். ஒருநாள் வெறுத்துப்போய் லெப்டொப்பை மூடிவிட்டு, பருப்புக்குத் தாளித்துக்கொண்டே யோசித்தேன். ஏன் அந்தப் பாலத்தைக் காக்க வேண்டும்? சனத்தை முதலிலேயே மேட்டுக்கு ஏற்றிவிட்டு மேல் மடையைத் திறந்தால், வெள்ளமே பாலத்தைக் கொண்டு போகும். கொள்ளைக்காரர் அக்கரையிலேயே நிற்பார்கள். எனக்கு எதிரி என்று நினைத்த தண்ணீர் என் படையாகிவிடும். அதற்கு வேகம் தேவையில்லை. எதை முதலில் செய்வது என்று தெரிந்தால் போதும்.

அதைச் சரியாகச் செய்து முடிக்கவும் பல நாள் பிடித்தது. மடையைக் கொஞ்சம் முந்தித் திறந்தால் சனமும் வெள்ளத்தோடு போகும், பிந்தினால் பாலம் தப்பிவிடும். இந்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை பின்னேரம் பாலம் உடைந்து போனது. ஷஸ்னா போட்ட கூச்சலில், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து றமீஸா அடுப்பை விட்டு ஓடி வந்தாள்.

"யா அல்லாஹ், யாருக்கு என்ன நடந்த?"

"மாமி, உம்மா ஜெயிச்சிட்டாங்க! ஏழாவது மடை!"

றமீஸா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "அந்தத் திருடன்மாரெல்லாம் அங்கிட்டே நிக்கிறானுகளா? நல்லா வேணும்" என்றாள். இப்போது தினமும் வந்து பக்கத்தில் உட்காருகிறாள். முதலாவது மடையில் அவளே விளையாடுகிறாள், வாய் ஓயாமல்.

ஷஸ்னா அதைப் பதிவு செய்து வைத்திருந்தாள். திரை மட்டும்தான், என் கை அதில் இல்லை. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு புதுப் பெயரில் அந்த வீடியோவைப் போட்டு, கருத்தும் எழுதினேன். இப்படி:

"ஏழாவது மடையை நிறுத்தாமல் முடித்துவிட்டுப் பேசு என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். முடித்துவிட்டேன், பாருங்கள். ஆனாலும் நிறுத்தும் பொத்தான் வேண்டும் என்றுதான் சொல்கிறேன். இந்த வழியை நான் ஓடும் கடிகாரத்துக்குள் கண்டுபிடிக்கவில்லை. விளையாட்டை மூடிவிட்டுச் சமையலறையில் நின்று கண்டுபிடித்தேன். நீங்கள் எடுத்துவிட்ட பொத்தானை நான் என் வீட்டில் வைத்துக்கொண்டேன். யோசிப்பவர் உங்கள் விளையாட்டை விட்டு வெளியே போக வேண்டியிருந்தால், அது விளையாட்டின் குறை. வேகம் வேண்டியவர் அந்தப் பொத்தானைத் தொடாமல் இருக்கட்டும். மற்றவர்களுக்கு அதைத் திருப்பித் தாருங்கள்."

பிறகு நடந்ததைப் பார்க்க நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ஒருவரும் இரக்கப்படவில்லை! வரிக்கு வரி சண்டை பிடித்தார்கள். வழியைத் தாங்களும் செய்து பார்த்து, சரிதான் என்று திரும்பி வந்தார்கள். பிரேசில்காரர், "இத்தனை வருடம் நான் ஒரு பாலத்துக்காகச் செத்துக்கொண்டிருந்தேன்" என்று எழுதினார். போலந்துக்காரர் கடைசிவரை விடவில்லை. நல்ல மனிதர், நன்றாக வாதாடுகிறார். நானும் விடவில்லை. கடைசியில், "உன் மூளையிடம் தோற்றுப்போனேன், உன் விரலிடம் அல்ல. பொத்தான் வரட்டும்" என்று எழுதினார். அதை வாசித்துவிட்டு அறையைச் சுற்றி நடந்தேன். உட்கார முடியவில்லை.

நேற்று அப்டேட் வந்தது. நீளப் பொத்தானை அழுத்தினேன். அலை அந்தரத்தில் நின்றது. கம்பனியின் குறிப்பில், "விளையாடுபவர்கள் எங்களை வாதத்தில் வென்றார்கள்" என்று ஒரு வரி. இரக்கம், கதை, நெஞ்சு எதுவும் அதில் இல்லை. வாதத்தில் வென்றார்கள். அவ்வளவுதான்.

இனி உங்கள் விஷயம். அந்தப் பக்கம் முழுவதையும் மேலிருந்து கீழ்வரை வாசித்துவிட்டேன். விளையாடிப் பார்க்காமலே கருத்து எழுதிய ஒரே ஆள் நீங்கள்தான்.

ஆகவே வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வாருங்கள். லக்கல எருமைத் தயிர் ஒரு சட்டி கொண்டு வாருங்கள், ஷஸ்னா கேட்கிறாள். நீங்கள் நீர்ப்பாசனத்தில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் முதலாவது மடையிலேயே மூழ்கப் போகிறீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிப்பேன். ஓடி வந்து மவுஸை வாங்கமாட்டேன்.

அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் எழுதிப் போடுங்கள். என்னைப் பற்றியும் எழுதலாம். முதலில் என்னிடம் காட்டுங்கள்.

என்றும் உங்கள்
ஜெஸ்லா