அடங்கிவிட்டது என்று யார் சொன்னது?

என் சுதாக்கண்ணு,

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. செத்துப்போன தங்கையைத் திட்டுகிறாளே என்று இதைப் படிக்கிறவர்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

பெங்களூரில் இந்த ஜோகுபாளையத்து வீட்டுக்குக் குடிவந்த அன்று நாம் இருவரும் பீரோவைத் தள்ளியது நினைவிருக்கிறதா? அசையவே இல்லை. திடீரென்று வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது. அப்பா கத்தினார், நீ சிரித்தாய்.

"பூகம்பமும் இதேதான்க்கா. பாறை ரெண்டும் உரசிப் பிடிச்சிட்டு நிக்கும். தாங்கற வரைக்கும் தாங்கும். நழுவ ஆரம்பிச்சா பிடிமானம் பட்டுனு கொறஞ்சிடும்."

"அதோட முடிஞ்சிடுமா?"

"எங்க முடியும்? இங்க எறங்கின பாரம் பக்கத்துல போய் ஏறும். ஒட்டிட்டிருக்கிற எடமெல்லாம் அப்புறம் ஒண்ணொண்ணா நழுவும். மாசக்கணக்கா நடக்கும்."

ஆய்வுக்கூடத்தில் கருங்கல்லைக் கருங்கல்லின் மேல் அழுத்தி, எப்போது நழுவுகிறது என்று பார்ப்பது உன் வேலை. பேங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கே நீ சொன்னது புரிந்தது. பிளந்த சுவருக்குள் உன்னை அனுப்பியவருக்குப் புரியாமலா இருந்திருக்கும்?

குஜராத் பூகம்பத்துக்குப் பிறகு, பின்னதிர்வுகளை அளக்க உங்கள் குழு கிளம்பியது. அதில் நீ ஒருத்திதான் பெண். அங்கே நடந்ததை உன்னோடு ஆராய்ச்சி செய்த மஞ்சுநாத் பேங்க் வாசலில் என்னைப் பார்த்துச் சொன்னான். கருவிகளுக்கான பேட்டரிகளை ஒரு பள்ளிக்கூட அறையில் வைத்திருந்தீர்களாம். முந்தைய நாள் வந்த அதிர்வில் அதன் சுவர் பிளந்துவிட்டது. அப்படியும் போய் எடுத்து வரச் சொன்னார் உங்கள் குழுத் தலைவர்.

"அவங்க மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னாங்க அக்கா. சார் சிரிச்சாரு. பெருசு முடிஞ்சுபோச்சு, இனி வர்றதெல்லாம் சில்லறை, பயமா இருந்தா பெங்களூருலயே இருந்திருக்கலாமேன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான்."

நீ போனாய். அந்தச் சில்லறை வந்தது. சுவர் விழுந்தது.

ஏன்டி போனாய்? பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டுமே! நாலு பேர் சிரித்ததற்காகவா உயிரைக் கொடுத்தாய்?

இரங்கல் கூட்டத்தில் அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இயற்கையின் சீற்றம். விதி" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டேன்.

"விதி இல்ல சார். நீங்கதான் அனுப்பினீங்க."

"அம்மா, உங்க துக்கம் புரியுது. பின்னதிர்வு எப்ப வரும்னு உலகத்துல யாராலயும் சொல்ல முடியாது."

"எப்ப வரும்னு தெரியாது. வரும்னு தெரியாதா?"

யாரோ என் தோளைப் பிடித்து வெளியே அழைத்துப்போனார்கள், பைத்தியத்தை அழைத்துப்போவதுபோல. துக்கத்தில் உளறுகிறேன் என்றுதான் அப்பாவும் நினைத்தார். மஞ்சுநாத் சொன்னதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அதைத் தாங்குவாரா என்று பயம்.

இப்போது உங்கள் ஆய்வுக்கூடத்தில் உன் பெயரில் ஆராய்ச்சி மாணவிகளுக்கு ஒரு பரிசு ஏற்படுத்தியிருக்கிறார்கள். கொடுக்கப்போவது அதே மனிதர். அழைப்பு வந்ததிலிருந்து அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அரசாங்க வேலையிலிருந்து ரிடையராகி இத்தனை வருடமாகியும் மேலதிகாரி பெயரைக் கேட்டாலே எழுந்து நிற்கிறவர் அவர். "பெரிய மனுஷன் கூப்பிட்டிருக்காரும்மா. சுதா பேரு நெலைக்கும்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. இன்று காலை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அப்பா காபியைக் கீழே வைத்தார். "போகமாட்டேன்னு கொழந்த சொன்னாளா?"

"சொன்னா."

"அப்புறமும் அனுப்பினானா?"

‘அனுப்பினாரா’ இல்லை, ‘அனுப்பினானா’ என்றார், சுதா. நம் அப்பா.

நாளை நாங்கள் இருவரும் அந்த விழாவுக்குப் போகிறோம். மஞ்சுநாத்தும் வாய் திறப்பதாகச் சொல்லியிருக்கிறான். அவன் திறக்காவிட்டாலும் நான் விடப்போவதில்லை. அடுத்து இதேபோல அனுப்பப்படப்போகிற பெண்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் காதில் விழும்படி அந்த மனிதரை ஒன்றே ஒன்று கேட்பேன்: "அவ்வளவு பத்திரமான எடம்னா, நீங்க ஏன் சார் உள்ள போகல?"

இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் மேல் கோபம் தீராத,
உன்னைப் பெறாமல் வளர்த்த,
அக்கா